தண்ணீர் வரும் பக்கம்: தீயணைப்பு வண்டியின் பம்பு குறித்து வாசகர் கேள்விகள்

தீயணைப்பு வண்டியின் பம்பு எப்படி இயங்குகிறது, அதை இயக்குபவர் என்ன செய்கிறார் என்று கேட்டு வந்த கடிதங்கள் பலவும் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் தண்ணீர் பீறிட்டு வெளியேறும் பக்கத்தைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். என் பதில்களோ தண்ணீர் உள்ளே வரும் பக்கத்துக்கே திரும்பத் திரும்பப் போகும். அதற்குக் காரணம் படிக்கப் படிக்க விளங்கும்.

கேள்வி: வண்டி ஓரிடத்தில் நின்றுகொண்டுதானே தண்ணீர் அடிக்கிறது? பிறகு ஏன் அதன் எஞ்சின் மேடேறும் லாரியைப் போல உறுமுகிறது? பம்புக்கென்று தனி மோட்டார் இல்லையா? (ஒரு பள்ளி ஆசிரியை)

பதில்: பெரும்பாலான வண்டிகளில் தனி மோட்டார் கிடையாது. சக்கரங்களைச் சுழற்றும் அதே எஞ்சின்தான் பம்பையும் சுழற்றுகிறது. வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குப் போகும் விசையைத் துண்டித்துவிட்டு, பணியாளர்கள் பி.டி.ஓ. என்று சொல்லும் பல்சக்கர இணைப்பைப் போட்டதும், வண்டியின் நடுவிலோ பின்புறத்திலோ பொருத்தப்பட்டிருக்கும் பம்பின் தண்டு சுழலத் தொடங்குகிறது. அதன்பின் எஞ்சினின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பம்புப் பலகைக்கு முன் நிற்கும் ஆபரேட்டரின் கைக்கு மாறிவிடுகிறது.

உறுமலுக்கான காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். நிமிடத்துக்கு 2,000 லிட்டர் தண்ணீரை 10 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டலத்தின் அழுத்தம்) அழுத்தத்தில் தள்ளுவதற்குத் தண்ணீரில் போய்ச் சேர வேண்டிய திறன் மட்டும் சுமார் 33 கிலோவாட். பம்பின் பயனுறுதிறன் 60 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் அதற்கு 55 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 75 குதிரைத்திறன் கொடுக்க வேண்டும். சாலையில் ஓடும் எஞ்சினுக்கு இறக்கத்திலும் சமதளத்திலும் சற்று இளைப்பாறல் உண்டு. பம்பை ஓட்டும் எஞ்சினுக்கு, தீ அணையும்வரை அது கிடையாது. ஓடும் வண்டிக்குக் கிடைக்கும் எதிர்க்காற்றும் நின்ற வண்டிக்குக் கிடைக்காது என்பதால், பம்பிலிருந்தே சிறு குழாய் வழியாகத் தண்ணீரை எடுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் ஏற்பாடும் பல வண்டிகளில் இருக்கிறது.

கேள்வி: பம்பு அழுத்தத்தை உண்டாக்குகிறதா, ஓட்டத்தை உண்டாக்குகிறதா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு விவாதம் நடந்து, முடிவு எட்டாமலேயே நின்றுவிட்டது. (எந்திரவியல் மாணவர் ஒருவர்)

பதில்: பம்பு தண்ணீருக்கு ஆற்றலைக் கொடுக்கிறது. அந்த ஆற்றல் எந்த அளவுக்கு ஓட்டமாகவும் எந்த அளவுக்கு அழுத்தமாகவும் தோன்ற வேண்டும் என்பதை வெளியே உள்ள குழாயும், அதன் முனையில் தண்ணீர் பாயும் வாயான நாசிலும் முடிவு செய்கின்றன. இதைப் புரிந்துகொள்ளப் பம்பின் உள்ளே பார்க்க வேண்டும். நனைந்த குடையை விரித்துக் காம்பைப் பிடித்துச் சுழற்றினால், நடுவில் இருக்கும் தண்ணீர் விளிம்புக்கு ஓடி வெளியே சிதறும். தீயணைப்புப் பம்பிலும் அதுவே நடக்கிறது. இம்பெல்லர் எனப்படும், வளைந்த இதழ்கள் கொண்ட சக்கரத்தின் நடுவில் உள்ள கண் வழியாக நுழையும் தண்ணீர், சக்கரத்தின் சுழற்சியால் விளிம்புக்கு எறியப்படுகிறது. சக்கரத்தைச் சூழ்ந்திருக்கும் உறை, நத்தை ஓட்டைப் போல வெளிவாயை நோக்கிப் படிப்படியாக அகன்றுகொண்டே போவதால், அங்கே தண்ணீரின் வேகம் குறைந்து, அந்த வேகத்தின் ஆற்றல் அழுத்தமாக மாறுகிறது.

பிஸ்டன் பம்பு ஒவ்வொரு அடிக்கும் இவ்வளவு தண்ணீர் என்று தள்ளியே தீரும். வழியை அடைத்தால் ஏதாவது ஒன்று உடையும். இந்த மையவிலக்குப் பம்பு அப்படிப்பட்டதன்று. வழியை அடைத்தால் சக்கரம் உள்ளேயே சுழன்றுகொண்டிருக்க, அழுத்தம் ஓர் எல்லைவரை உயர்ந்து அங்கேயே நிற்கும். நாசிலை ஒருவர் மூடுவதும் திறப்பதும் சகஜமான தீயணைப்பு வேலைக்கு இந்தக் குணம்தான் மிகவும் ஏற்றது.

வேகத்தோடு இவை எப்படி மாறுகின்றன என்பதையும் உங்கள் வகுப்பில் சொல்லுங்கள். சுழலும் வேகத்தை இருமடங்காக்கினால் ஓட்டம் இருமடங்கும், அழுத்தம் நான்கு மடங்கும், அதற்குத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கும் ஆகும். எஞ்சின் வேகத்தைக் கூட்டும் கைப்பிடியைச் சற்றே திருப்பினாலும் அழுத்தமானியின் முள் துள்ளுவது இதனால்தான்.

பம்பின் திறனை ஒரே எண்ணால் சொல்ல முடியாது என்பதும் இங்கிருந்தே வருகிறது. ஐரோப்பியத் தரநிலையில் 10-2000 என்று குறிக்கப்பட்ட பம்பு, 3 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீரை எடுத்து, 10 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 2,000 லிட்டர் தர வேண்டும். அமெரிக்க முறையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அழுத்தத்தில் முழு அளவும், 200 பவுண்டில் 70 விழுக்காடும், 250 பவுண்டில் 50 விழுக்காடும் தந்தால் போதும். அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கிப் பாருங்கள்: 150, 140, 125 என்று வரும். எஞ்சின் கொடுப்பது ஏறத்தாழ அதே அளவுதான், பங்கீடு மட்டுமே மாறுகிறது.

கேள்வி: கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும்போது ஏழெட்டு மீட்டருக்கு மேல் இழுக்க முடியாது என்கிறார்களே, எஞ்சினை இன்னும் வலிமையானதாக மாற்றினால் முடியாதா? (தனியார் ஆலையில் பணிபுரியும் ஒருவர்)

பதில்: முடியாது. பம்பு தண்ணீரை இழுப்பதே இல்லை என்பதுதான் காரணம். தண்ணீரைப் பிடித்து இழுக்க எதனாலும் முடியாது. பின்னாலிருந்து தள்ளத்தான் முடியும். உறிஞ்சு குழாய்க்குள் இருக்கும் காற்றை நாம் அகற்றும்போது, வெளியே நீர்ப்பரப்பின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலம் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி மேலேற்றுகிறது. கடல் மட்டத்தில் வளிமண்டலத்தின் அழுத்தம் 1.013 பார். அது தாங்கக்கூடிய நீர்த்தூணின் உயரம் 10.3 மீட்டர். குழாய்க்குள் முழு வெற்றிடத்தையே உண்டாக்கினாலும், எத்தனை குதிரைத்திறன் கொண்ட எஞ்சினை வைத்தாலும், இதற்கு மேல் ஒரு சாண்கூட ஏறாது.

இந்த 10.3 மீட்டரும் முழுமையாகக் கைக்கு வருவதில்லை. தண்ணீர் குழாய் முனையிலுள்ள வடிகட்டியின் துளைகளில் நுழையவும், குழாயின் உட்சுவரில் உராய்ந்து வரவும், வேகம் பெறவும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு கழிகிறது. தண்ணீர் 40 டிகிரி வெப்பத்தில் இருந்தால், அதன் ஆவியழுத்தத்துக்கு மட்டும் முக்கால் மீட்டர் போகும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரமான மலைப்பகுதியில் வளிமண்டலமே மெலிந்திருப்பதால் கணக்கு சுமார் 8 மீட்டரில்தான் தொடங்குகிறது. ஆகவே நடைமுறையில் ஏழெட்டு மீட்டர் என்பதே கடைசி எல்லை, அந்த எல்லையில் கிடைக்கும் தண்ணீரும் மிகக் குறைவு. ஆழம் கூடக் கூட, பம்பு புத்தம்புதியதாக இருந்தாலும் அதன் வெளியீடு குறைந்துகொண்டே போகும். வண்டியை நீர்நிலைக்கு இரண்டு மீட்டர் கிட்டத்தில் நிறுத்துவது, எஞ்சினின் வேகத்தைக் கூட்டுவதைவிடப் பலமுறை அதிகப் பலன் தரும்.

இதே வாசகர், பம்பைச் சுழற்றினால் அதுவே ஏன் காற்றை வெளியேற்றிக்கொள்ளாது என்றும் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இம்பெல்லர் தன்னிடம் இருக்கும் பொருளை எறிகிறது. தண்ணீர் இருந்தால் தண்ணீரை, காற்று இருந்தால் காற்றை. தண்ணீரோடு 10 பார் தரும் வேகத்தில் சுழலும் சக்கரம், தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்கு எறியும் ஆற்றலுடையது. அதே வேகத்தில் காற்றையும் அது 100 மீட்டர் உயரத்துக்கு எறியும். ஆனால் காற்று தண்ணீரைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி குறைந்தது என்பதால், 100 மீட்டர் காற்றுத்தூணின் எடை 12 சென்டிமீட்டர் நீர்த்தூணுக்குத்தான் ஈடாகும். பம்பு அலறிக்கொண்டு சுழன்றாலும் குழாய்க்குள் தண்ணீர் 12 சென்டிமீட்டருக்கு மேல் ஏறாது. அதனால்தான் பிரைமர் எனப்படும் தனிக் கருவி தேவைப்படுகிறது. சிலவற்றில் சிறு பிஸ்டன்கள், சிலவற்றில் சறுக்குத் தகடுகள், சிலவற்றில் நீர்வளையம், பழைய வண்டிகளில் எஞ்சினின் புகையையே வேகமாகப் பாயவிட்டுக் காற்றை இழுக்கும் அமைப்பு என்று அது பல வகைப்படும். காற்று வெளியேறி, தண்ணீர் சக்கரத்தின் கண்ணைத் தொட்டதும் பிரைமரின் வேலை முடிந்தது.

கேள்வி: பயிற்சியின்போது பிரைமரை எவ்வளவு நேரம் ஓட்டியும் தண்ணீர் ஏறவில்லை. ஒருமுறை ஏறி, உடனே விழுந்துவிட்டது. எதை முதலில் பார்க்க வேண்டும்? (பணியில் புதிதாகச் சேர்ந்தவர்)

பதில்: பிரைமரைச் சந்தேகிப்பதற்கு முன், காற்று எங்கிருந்து நுழைகிறது என்று தேடுங்கள். தண்ணீர் கசியாத சிறு இடைவெளி வழியாகவும் காற்று தாராளமாக நுழையும். உறிஞ்சு குழாயின் இணைப்புகளில் வாஷர் இருக்கிறதா, மணல் ஒட்டியிருக்கிறதா, ஸ்பானரால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்ததாக, தண்ணீர் வெளியேறும் வாய்களில் உள்ள டெலிவரி வால்வுகள் எல்லாம் மூடியிருக்கின்றனவா, வண்டியின் தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் வால்வு சரியாக அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏறிய தண்ணீர் உடனே விழுந்ததாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் குழாய் படுத்திருக்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். உறிஞ்சு குழாய் நீர்நிலையிலிருந்து பம்புவரை ஒரே சீராக ஏறிவர வேண்டும். கரைச்சுவரின் மேலோ வேலியின் மேலோ ஏறி இறங்கிப் பம்புக்குப் போனால், அந்த மேட்டில் காற்று தங்கி நிற்கும். பிரைமரை நிறுத்திய மறுநொடி அந்தக் காற்று பம்புக்குள் நுழைந்து ஓட்டத்தை அறுத்துவிடும். வடிகட்டி நீர்ப்பரப்புக்கு மிக அருகில் இருந்தாலும் இதே கதைதான். தண்ணீர் சுழித்து, சுழியின் நடுவே காற்றுத் தண்டு ஒன்று இறங்கி வடிகட்டிக்குள் புகுந்துவிடும். குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு ஆழத்திலாவது வடிகட்டி மூழ்கியிருக்க வேண்டும் என்பது கைப்பழக்கக் கணக்கு. அடிச்சேற்றிலும் அது புதையக் கூடாது.

கசிவைக் கண்டுபிடிக்க உலர் வெற்றிடச் சோதனை என்று ஒன்று உண்டு. பம்பைக் காலி செய்து, எல்லா வாய்களையும் மூடி, பிரைமரால் பாதரச அளவில் 22 அங்குல வெற்றிடத்தை உண்டாக்கிவிட்டு நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடத்தில் முள் 10 அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்பது அமெரிக்கத் தரநிலையின் அளவுகோல். எஞ்சினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டால், காற்று நுழையும் சீழ்க்கை ஒலி எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும்.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பயிற்சியில் இருபது நிமிடம் பிரைமரைக் கழற்றி மாட்டி, ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால், பம்பின் அடியில் இருக்கும், விரல் பருமனுள்ள வடிகால் குழாயின் திருகு திறந்தே கிடந்தது. முந்தைய நாள் பம்பைக் காலி செய்தவர் அதை மூட மறந்திருந்தார். மறந்தவர் நான்தான்.

கேள்வி: பம்புப் பலகையில் உள்ள ஓர் அழுத்தமானியில் மட்டும் பூச்சியத்துக்கு இரு பக்கமும் எண்கள் இருக்கின்றன. பழுதா? (ஒரு மாணவி)

பதில்: பழுதில்லை. தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில் இணைக்கப்பட்டிருக்கும் கூட்டு அழுத்தமானி அது. தண்ணீர் தானே தள்ளிக்கொண்டு வந்தால் முள் ஒரு பக்கமும், வெற்றிடத்தால் ஏறி வந்தால் மறு பக்கமும் நகரும். அனுபவமில்லாதவரின் கண் பெரிய டெலிவரி மானியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அனுபவசாலி அதைவிட அதிக நேரம் இந்தச் சிறிய மானியைத்தான் பார்ப்பார். வெளியே ஏற்படப்போகும் தொல்லை பெரும்பாலும் இங்கேதான் முதலில் தலைகாட்டும்.

கேள்வி: சில நேரம் பம்புக்குள் கூழாங்கல் உருள்வது போன்ற சத்தம் கேட்கிறது. உண்மையிலேயே கல் புகுந்துவிட்டதா? (பெயர் குறிப்பிட விரும்பாத வாசகர்)

பதில்: கல்லும் புகலாம், வடிகட்டி ஓட்டையாக இருந்தால். ஆனால் நீங்கள் கேட்டது அநேகமாகக் கேவிடேஷன் எனப்படும் குமிழ்ப்பு. பம்புக்குள் வரும் தண்ணீரைவிட அதிகமாக வெளியே அனுப்ப முயலும்போது, சக்கரத்தின் கண்ணில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, தண்ணீர் சூடாகாமலேயே கொதித்துக் குமிழிகளாகிறது. அந்தக் குமிழிகள் அழுத்தம் மிகுந்த விளிம்புப் பகுதிக்குப் போனதும் நொறுங்கி மறைகின்றன. ஒவ்வொரு நொறுங்கலும் உலோகத்தின் மேல் விழும் ஊசிமுனை அடி. ஆயிரக்கணக்கான அடிகள் சேர்ந்த ஓசைதான் அந்தக் கூழாங்கல் சத்தம். நீண்ட நேரம் விட்டால் இம்பெல்லரின் இதழ்கள் செல்லரித்தது போலக் குழிந்துவிடும்.

இதற்கு ஓர் உறுதியான அடையாளம் உண்டு. எஞ்சினின் வேகத்தைக் கூட்டியும் டெலிவரி அழுத்தம் உயராமல் நின்றால், வரவு தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது மனம் இன்னும் கூட்டச் சொல்லும், கை குறைக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து, தேவையானால் ஒரு டெலிவரியை மூடிவிட்டு, வடிகட்டியில் இலைதழை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பம்பில் எவ்வளவு அழுத்தம் வைக்க வேண்டும் என்பதை ஆபரேட்டர் எப்படி முடிவு செய்கிறார்? ஊகமா, கணக்கா? (ஒரு பொறியாளர்)

பதில்: கணக்குதான், பழகியவர்கள் அதை மனத்திலேயே போட்டுவிடுவதால் ஊகம் போலத் தோன்றுகிறது. நாசிலில் இருக்க வேண்டிய அழுத்தம், குழாயில் உராய்வால் இழப்பது, உயரத்துக்கு ஏற்ற இழப்பு ஆகிய மூன்றையும் கூட்ட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். தீ 20 மீட்டர் உயரத்தில் எரிகிறது. 18 மில்லிமீட்டர் நாசிலில் 5 பார் வேண்டும். நாசிலின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை, பாரில் உள்ள அழுத்தத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வருவதில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கிடைக்கும். இங்கே அது ஏறத்தாழ 480. இவ்வளவு தண்ணீர் 70 மில்லிமீட்டர் குழாயில் 100 மீட்டர் போனால் உராய்வில் இழப்பது முக்கால் பாருக்கும் குறைவு. உயரத்துக்கு, 10 மீட்டருக்கு ஒரு பார் என்ற கணக்கில், 2 பார். ஆக, பம்பில் 8 பார் வைத்தால் தாராளம்.

இப்போது அதே 100 மீட்டருக்கு 45 மில்லிமீட்டர் குழாயை விரித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் படிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், அது ஒன்பது மடங்காகி 6 பாரை நெருங்கிவிடும். பம்பில் 13 பார் வேண்டும். எஞ்சின் அதைக் கொடுத்தாலும், பாதி உழைப்பு குழாயின் உட்சுவரைத் தேய்ப்பதிலேயே போய்விடுகிறது. ஓட்டத்தை இருமடங்காக்கினால் உராய்வு இழப்பு நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், தொலைதூரத்துக்குப் பெரிய குழாயை இழுத்து, தீக்கு அருகில் மட்டும் சிறிய குழாயாகப் பிரிக்கும் வழக்கத்தின் காரணம் புரியும்.

அழுத்தம் கூடுதலாக இருப்பது நல்லதுதானே என்று நினைக்கக் கூடாது. மேலே சொன்ன நாசில், 5 பார் அழுத்தத்தில் அதைப் பிடித்திருப்பவரைச் சுமார் 250 நியூட்டன், அதாவது 25 கிலோ எடைக்கு ஈடான விசையால் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அழுத்தம் இருமடங்கானால் இந்தத் தள்ளலும் இருமடங்காகும். ஈரத் தரையிலோ ஏணியிலோ நிற்பவருக்கு அது உயிர்ப்பிரச்சினை. வாக்கிடாக்கியில் "போதும்" என்ற குரல் வந்தால் காரணம் கேட்காமல் குறைப்பவரே நல்ல ஆபரேட்டர்.

கேள்வி: நாசில்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பம்பை ஓடவிட்டால் வெடித்துவிடுமா? (ஒரு பள்ளி மாணவர்)

பதில்: வெடிக்காது, ஆனால் வேகும். போக வழியில்லாத தண்ணீரைச் சக்கரம் கடைந்துகொண்டே இருக்க, எஞ்சினின் ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. பம்புக்குள் 20 லிட்டர் தண்ணீர் இருந்து, அதில் 20 கிலோவாட் திறன் இறங்கினால், 30 டிகிரியில் இருந்த தண்ணீர் ஐந்து நிமிடத்தில் கொதிநிலையை எட்டிவிடும். தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் காக்கும் சீல்கள் கெடும், பிறகு நாசிலைத் திறப்பவரின் கையில் கொதிநீர் பாயும். எனவே தண்ணீர் அடிக்காத நேரத்தில் வேகத்தைக் குறைப்பதோடு, தொட்டிக்குத் திரும்பும் வால்வைச் சற்றே திறந்து வைத்து, பம்புக்குள் புதுத் தண்ணீர் வந்துகொண்டிருக்கச் செய்வார்கள்.

இரண்டு நாசில்கள் ஓடும்போது ஒன்றை மூடினால், மற்றொன்றைப் பிடித்திருப்பவருக்கு அழுத்தம் திடீரென்று எகிறும். அதைத் தடுக்க, அதிகப்படியானதை உள்ளேயே திருப்பிவிடும் ரிலீஃப் வால்வையோ, எஞ்சின் வேகத்தைத் தானாகவே குறைக்கும் கவர்னரையோ வைத்திருக்கிறார்கள். மூடுவதையும் மெதுவாகச் செய்ய வேண்டும். விறைப்பான இரும்புக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், 10 பாருக்கும் மேலான அழுத்த அலை கிளம்பிக் குழாயைச் சம்மட்டிபோல் அடிக்கும். துணிக்குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் அதில் இந்த அடி குறைவு. நிலத்தடிக் குழாய் அப்படி விட்டுக்கொடுக்காது.

கேள்வி: ஹைட்ரன்ட்டில் இணைத்துவிட்டால் பிரைமிங் தேவையில்லை. தண்ணீரைப் பற்றிய கவலையும் தீர்ந்தது அல்லவா? (ஒரு கட்டட மேற்பார்வையாளர்)

பதில்: ஹைட்ரன்ட் என்பது நிலத்தடித் தண்ணீர்க் குழாயில் தீயணைப்புக்கென்று வைத்திருக்கும் வாய்; அங்கே தண்ணீர் தானே அழுத்தத்தோடு வருவதால், பிரைமரால் காற்றை அகற்றும் பிரைமிங் தேவையில்லை என்பது சரி. கவலை தீர்வதில்லை. தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது ஹைட்ரன்ட்டில் 4 பார் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் குழாயைத் திறந்ததும் அது 3.5 பாருக்கு இறங்குகிறது. இழப்பு அரை பார்தானே என்று அதே அளவு ஓட்டமுள்ள இரண்டாவது குழாயைத் திறந்தால், ஓட்டம் இருமடங்காவதால் இழப்பு நான்கு மடங்காகி, மிஞ்சுவது 2 பார். மூன்றாவதைத் திறந்தால் இழப்பு 4.5 பார் ஆக வேண்டும்; நிலத்தடிக் குழாயிடம் இருப்பதோ 4. ஆகவே மூன்றாவது குழாய்க்கு முழு அளவு தண்ணீர் இல்லை. இந்த உண்மையை முதல் குழாயைத் திறந்தபோதே உள்வரும் பக்கத்து மானி சொல்லிவிட்டது, படிக்கத் தெரிந்திருந்தால்.

அந்த மானியை அலட்சியம் செய்து பம்பின் வேகத்தைக் கூட்டினால், ஹைட்ரன்ட்டுக்கும் பம்புக்கும் இடையிலுள்ள மென்மையான குழாய் தட்டையாகச் சப்பிப் போகும். நிலத்தடிக் குழாயில் வெற்றிடம் உண்டாகி, அதன் விரிசல்கள் வழியாக அழுக்கு நீர் குடிநீருக்குள் இழுக்கப்படவும் கூடும். எனவே முள் ஒரு பாருக்குக் கீழே இறங்க விடாமல் வேலை செய்வது நல்ல பழக்கம். வண்டித் தொட்டியை நம்பி இருக்கலாமே என்றால், 3,000 லிட்டர் தொட்டியும் மேலே சொன்ன ஒரே ஒரு நாசிலுக்கு ஆறு நிமிடம்தான் தாங்கும்.

கேள்வி: சுருளில் சுற்றிய மெல்லிய குழாயிலிருந்து வரும் தண்ணீர் பனிமூட்டம் போல இருக்கிறதே, அது வேறு பம்பா? (ஒரு வாசகி)

பதில்: பெரும்பாலும் அதே தண்டில் பொருத்தப்பட்ட உயரழுத்தப் பகுதி. ஒரு சக்கரத்திலிருந்து வெளிவரும் தண்ணீரை அடுத்த சக்கரத்தின் கண்ணுக்குள் செலுத்தினால் அழுத்தம் மேலும் ஏறும். ஐரோப்பியத் தரநிலையில் 40 பார், நிமிடத்துக்கு 250 லிட்டர் என்று இதற்கு ஒரு வகையே உண்டு.

கேள்வி: எண்ணெய்த் தீக்கான நுரைக் கரைசல் தண்ணீரோடு எங்கே கலக்கிறது? (வேதியியல் படித்த ஒருவர்)

பதில்: பல முறைகள் உண்டு. வண்டிகளில் அதிகம் காணப்படுவது பம்பைச் சுற்றிக் கலக்கும் முறை. பம்பிலிருந்து வெளிவரும் தண்ணீரில் சிறு பங்கை ஒரு குறுகிய வாய் வழியாகப் பாயவிட்டு, அது உண்டாக்கும் உறிஞ்சலால் நுரைக் கரைசலை இழுத்து, பம்பின் உள்வாயிலேயே சேர்த்துவிடுகிறார்கள். எரிபொருளுக்கும் கரைசலுக்கும் ஏற்ப 3 அல்லது 6 விழுக்காடு என்று விகிதத்தை அமைக்கலாம். உள்வாயில் ஹைட்ரன்ட்டின் அழுத்தம் மிகுந்திருந்தால் இந்த உறிஞ்சல் வேலை செய்யாது. எனவே தொட்டியிலிருந்து பம்புக்கு எடுத்து, தொட்டியை ஹைட்ரன்ட்டால் நிரப்பிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: எஞ்சின் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்)

பதில்: கையால் அடித்தார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த தெசிபியஸின் பெயரால் அறியப்படும் பிஸ்டன் பம்பும், அதே நகரின் ஹீரோ பின்னாளில் எழுதிவைத்த இரட்டை உருளைத் தீயணைப்புக் கருவியும் இன்றைய வண்டியின் முன்னோர்கள். ஆனால் வாளிகளால் அதன் தொட்டியை நிரப்பி, தீக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருந்ததால் அந்த வகைக் கருவிகள் பல நூற்றாண்டுகள் பெரிய பயன் தரவில்லை. ஆம்ஸ்டர்டாம் ஓவியரான யான் வான் டெர் ஹைடன் தம் சகோதரரோடு சேர்ந்து 1672இல் தோலால் தைத்த குழாயைப் பயன்படுத்தியபோதுதான், கருவி ஓரிடத்திலும் நீர் பாயும் முனை வேறிடத்திலும் இருக்க முடிந்தது. என் கணிப்பில், பம்பில் செய்யப்பட்ட எந்த மேம்பாட்டையும்விட அந்தக் குழாய் பெரியது. லண்டனில் ரிச்சர்ட் நியூஷம் 1721இல் காப்புரிமை பெற்ற கைப்பம்பில், பிஸ்டனின் விட்டுவிட்டு வரும் அடியைச் சீரான பாய்ச்சலாக்கக் காற்று அடைத்த கலம் ஒன்று இருந்தது. நீராவியால் இயங்கும் தீயணைப்பு வண்டியை 1829இல் ஜான் பிரெய்த்வெயிட்டும் ஜான் எரிக்சனும் லண்டனில் உருவாக்கினார்கள்.

கேள்வி: பம்பின் தண்டு வெளிவரும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. இறுக்கிவிடலாமா? வேலை முடிந்தபின் என்ன பராமரிப்பு தேவை? (தனியார் தீயணைப்புக் குழுவைச் சேர்ந்தவர்)

பதில்: அங்கே இருப்பது தண்டைச் சுற்றி அடைக்கும் கயிறு போன்ற கிளாண்ட் பேக்கிங் என்றால் சில சொட்டுகள் விழத்தான் வேண்டும். சுழலும் தண்டையும் பேக்கிங்கையும் குளிர்விப்பது அந்தத் தண்ணீர்தான். முற்றிலும் நிற்கும்படி இறுக்கினால் பேக்கிங் கருகித் தண்டில் வரி விழும். ஒன்றையொன்று உரசும் இரு வழவழப்பான வளையங்களால் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் உள்ள பம்பாக இருந்தால் சொட்டவே கூடாது. சொட்டினால் சீலை மாற்ற வேண்டும். தண்ணீர் இல்லாமல் பம்பைச் சுழற்றுவது இந்தச் சீலுக்கு மிக விரைவில் கேடு செய்யும் என்பதால், பிரைமிங் நீண்டுகொண்டே போனால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுவதே நல்லது.

கடல்நீரோ சேற்றுநீரோ நுரையோ பம்பு வழியாகப் போயிருந்தால், அன்றே நல்ல தண்ணீரை எல்லா வாய்கள் வழியாகவும் ஓடவிட்டுக் கழுவுங்கள். உறிஞ்சு குழாயின் வாஷர்களையும் வடிகட்டியையும் தனியே அலசுங்கள். பிறகு அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து, கடைசிச் சொட்டுவரை வடிய விடுங்கள். வடிந்ததும் அந்தத் திருகை மூடுங்கள்.